பூங்காவில் கத்தரிக்காய் போட மாநகராட்சியிடம் அனுமதி கேட்பது எப்படி?

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதிலிருந்து, "தெருப் பூங்காவில் காய்கறி போடலாமா, யாரைப் பார்க்கணும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்காக நான் போன வழி இது. மாடித்தோட்டக்காரர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை. உங்கள் மாடிக்கு யாருடைய தீர்மானமும் வேண்டாம்.

1. இடத்தின் வகை

எனக்கு அதிக நாள் பிடித்தது இதில்தான். சும்மா கிடக்கிற மண்ணெல்லாம் மாநகராட்சியுடையது அல்ல. நம் பக்கத்துக் காலியிடங்களில் பல, ஊருணியும் அதன் வரத்துக்காலும். பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அதை விட்டுவிடுங்கள். பந்தக்கால் ஊன்றினாலே ஆக்கிரமிப்புதான். தேட வேண்டியது ஓ.எஸ்.ஆர். இடம், அதாவது மனைப்பிரிவில் பொதுவுக்காக ஒதுக்கிய திறந்தவெளி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

அது பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் உள்ள இடம். அதனால் மனுவில் "நிலம் ஒதுக்கவும்" என்று எழுதாதீர்கள், கோப்பு வருவாய்த் துறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். "பூங்காவின் ஒரு பகுதியில் காய்கறிப் பாத்தி அமைத்துப் பராமரிக்க அனுமதி" என்று எழுதுங்கள்.

2. தகவல் உரிமை மனு

உங்கள் வார்டின் ஓ.எஸ்.ஆர். பட்டியலையும் தானப் பத்திர நகலையும் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. இதற்கு வக்கீல் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும்.

3. மனு

ஆணையருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று. நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் கொடுப்பதும் நடக்கும், ஆனால் மனு சுற்றிக்கொண்டு இதே ஆணையர் மேசைக்குத்தான் வரும்.

அதிகாரி வாய்மொழியாக "செய்யுங்க" என்றால் மண்வெட்டியை எடுக்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போனால் பாத்தியும் போய்விடும். மாநகராட்சி மன்றத் தீர்மானம்தான் வேண்டும். பூங்கா, தோட்டம் அமைப்பது அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையிலேயே நகராட்சிப் பணியாக இருக்கிறது. மனுவில் அதை ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இணைப்பையும் குப்பையை உரமாக்கும் நுண் உரக்கூடத்து எருவையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். செம்மண்ணில் எரு இல்லாமல் வெண்டை நிற்காது.

பின்சேர்க்கை: தேவகோட்டையிலிருந்து ஒருவர், பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் பின்கட்டில் தெருக்காரர்கள் தோட்டம் போடலாமா என்று கேட்டிருந்தார். அது தனியார் இடம், மன்றத்துக்கு வேலையில்லை. ஆனால் சாவி வைத்திருப்பவர் சம்மதம் மட்டும் போதாது. பங்காளிகள் சென்னையில் இருந்தாலும் மலேசியாவில் இருந்தாலும், எல்லோரிடமும் எழுத்தில் வாங்குங்கள். பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் வீடென்றால் வேறு வீடு பாருங்கள்.