சிறுநீரகத்துக்கு இதமான யோகா: புதிதாகத் தொடங்குவோருக்கு

மொரீசியஸில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதோடு பிரஷரும் சேர்ந்துகொண்டால் அடிபடும் உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். அந்தப் பயத்தில்தான் "இந்த ஆசனம் கிட்னியைச் சுத்தம் செய்யும்" என்கிற வீடியோக்கள் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. எந்த ஆசனமும் சிறுநீரகத்தைக் கழுவாது. அது தானே ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிற உறுப்பு. யோகாவால் ஆவது வேறு: பதற்றம் தணியும், தொடர்ந்து செய்தால் இரத்த அழுத்தம் சற்று இறங்கும். மாத்திரையை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

தொடங்கும் முன் இரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவுப்பொருளின் அளவையும், சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதத்தின் அளவையும் பரிசோதித்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் சிறுநீரக நோய் வெளியே தெரியாது. டயாலிசிஸ் செய்பவர்கள், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், சிறுநீரகத்தில் நீர்க்கட்டி உள்ளவர்கள் மருத்துவர் சம்மதித்த பிறகே தொடங்கலாம்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழியட்டும். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஏதாவது இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூச்சு. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை அடக்க வேண்டாம், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். என்னைக் கேட்டால் இந்த ஐந்து நிமிடம்தான் முழுப் பயிற்சியிலும் முக்கியமானது. மற்றதைச் செய்ய முடியாத நாளில் இதை மட்டும் செய்யுங்கள்.

அடுத்து மார்ஜாரி ஆசனம். கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது முதுகைத் தாழ்த்துங்கள், விடும்போது பூனைபோல் வளைத்து உயர்த்துங்கள். ஆறேழு முறை. கையில் டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (அறுவை செய்து இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) வைத்திருப்பவர்கள் அந்தக் கையில் எடை தாங்கவே கூடாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி முதுகை மட்டும் அசைக்கலாம்.

பிறகு உட்கார்ந்தபடியே உடலை மெல்ல வலப்பக்கம் திருப்பி மூன்று மூச்சு, இடப்பக்கம் மூன்று மூச்சு. வயிற்றை நெருக்கிப் பிழிய வேண்டாம். வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்கள் இதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக மல்லாந்து படுத்துக் கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வைத்து ஐந்து நிமிடம் சவாசனம். இதயக் கோளாறு இருந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, தலையணைகளில் சாய்ந்து இருங்கள். எழும்போது ஒருக்களித்து, சற்று உட்கார்ந்து, அப்புறம் நில்லுங்கள். பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். தலைகீழ் ஆசனங்கள் வேண்டவே வேண்டாம், குறிப்பாகச் சர்க்கரையால் கண் பாதித்தவர்களுக்கு.

இடுப்பில் தாங்க முடியாத வலி, சிறுநீரில் இரத்தம், கால் வீக்கம் என்றால் பாயைச் சுருட்டிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. டால் பூரியோடு அஷார் ஊறுகாய் தொட்டால் அந்தக் கணக்கு சீக்கிரம் எகிறும். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள், மாத்திரையையும் தண்ணீரையும் எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். இன்னொன்று: சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்கள் நட்சத்திரப் பழத்தை, நம் ஊர்க் காரம்போலை, தொடவே கூடாது. அதிலுள்ள நச்சுப் பொருளைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் விக்கல், குழப்பம், வலிப்புவரை போகலாம். ஜூஸும் இதில் சேர்த்திதான்.