நிலைப்படியா, தூணா? சீனத்தின் ‘யூ’வும் ‘ஃபா’வும்

சீன மொழியில் வரும் தொழில்நுட்பக் கட்டுரைகளில் ‘ஃபா-ஜி’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். அது பிழை. எழுத நினைத்தது ‘யூ-ஜி’, அதாவது ஒரு விளைவு தொடங்கும் எல்லை மதிப்பு. சீனர்களே இப்படி எழுதுவதால், மொழி கற்கிறவர்களும் சரியென்று நம்பிவிடுகிறார்கள்.

யூ (阈), ஃபா (阀) என்னும் இரண்டு எழுத்துகளுக்கும் வெளிச்சட்டம் ‘மென்’, கதவு. இரண்டின் உள்ளேயும் ‘கெ’ என்னும் பழைய போர்க்கருவி நிற்கிறது. அதன் இடப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். சிறு சதுரமும் அதன் கீழே ஒரு கோடும் இருந்தால் யூ. மனிதனைக் குறிக்கும் வடிவம் நின்றால் ஃபா.

யூ என்பது நிலைப்படி. கன்ஃபூசியஸ் நடக்கும்போது யூவை மிதிக்கமாட்டார் என்று, அவருடைய உரைகளின் தொகுப்பான ‘லுன்யூ’வின் பத்தாம் அத்தியாயம் சொல்கிறது. ஃபாவும் ஒரு காலத்தில் வாசலைச் சேர்ந்ததுதான்: பெருங்குடும்பங்களின் சிறப்பைப் பறைசாற்ற வாயிலுக்கு வெளியே நின்ற தூண். அதனால்தான் உயர்குடிக்கு ‘மென்-ஃபா’ என்றும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டைப் பங்குபோட்ட படைத்தலைவர்களுக்கு ‘ஜுன்-ஃபா’ என்றும் பெயர். இன்றோ ஃபா என்றால் குழாயின் வால்வு. ‘ஃபா-ஜி’ என்று எழுதினால் வால்வின் மதிப்பு என்றாகிவிடும். வலி உணர்வின் எல்லையைப் பேசும் மருத்துவக் கட்டுரையில் வால்வுக்கு என்ன வேலை?

யூவை ‘ஹுவோ’ என்று வாசிப்பதும் உண்டு, உள்ளிருக்கும் பகுதி தனியே அப்படி ஒலிப்பதால். வட்டாரம் என்ற பொருள்தரும் ‘ச்சூ-யூ’வின் இரண்டாம் எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் இதே பகுதிதான், ஒலியும் யூதான்.

சரியாகக் கற்ற பிறகு யூவை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடாதீர்கள். பேச்சில் நிலைப்படிக்கு ‘மென்-கான்’ என்பதே சொல். வேலைக்கோ படிப்புக்கோ கேட்கும் தகுதி அதிகமென்றால் ‘மென்-கான் உயரம்’ என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, அழகெழுத்துக் கலைஞரான துறவி ஜியோங்கின் கதை. அவர் தூரிகையால் எழுதியதைக் கேட்டு வந்தவர்களின் கால்பட்டு நிலைப்படி தேய்ந்துபோக, அதற்கு இரும்புத் தகடு போர்த்தினார்களாம்.

தமிழர்களாகிய நமக்கென்று ஒரு வழுக்கல் இருக்கிறது. நமக்கு எல்லாமே ‘படி’. சீனத்தில் ஏறுகிற படி ‘தாய்-ஜியே’, தாண்டுகிற படி ‘மென்-கான்’. கோயில் வாசலில் ஒருவர் மென்-கானைக் காட்டி எச்சரித்தால் அதன்மேல் காலை வைக்காதீர்கள். தாண்டி உள்ளே செல்லுங்கள்.