கிளிங்கான் பேசலாம், காக் சமைக்கலாம்: முதல்முறைக்காரர்களுக்கான வழிகாட்டி

ஸ்டார் ட்ரெக் என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் வரும் வேற்றுக்கிரகப் போர்வீரர்கள் கிளிங்கான்கள். அவர்கள் மொழியை ஆங்கிலம் வழியாகப் படிக்கப் போனால் பாதி நேரம் ஆறுதல் சொல்வதிலேயே கழிந்துவிடும். நாக்கை மடித்து ஒரு 'ட' சொல்ல அரைப் பக்க விளக்கம், சொல்லின் முதலில் 'ங' வருவதற்கு ஒரு தனி எச்சரிக்கை. க ங ச ஞ என்று ஒன்றாம் வகுப்பிலேயே கத்திப் பழகிய நமக்கு இதெல்லாம் எதற்கு? அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினால் போதும். நாலைந்து வாக்கியம் பேசவும், அவர்கள் விரும்பித் தின்னும் 'காக்' ஒரு தட்டு சமைக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் கொஞ்சம் கதை. ஸ்டார் ட்ரெக்கில் கிளிங்கான்கள் 1967இலேயே வந்துவிட்டார்கள். அப்போது அவர்களுக்கென்று மொழி கிடையாது, ஆங்கிலத்திலேயே மிரட்டுவார்கள். 1979இல் வந்த முதல் படத்தில்தான் அவர்கள் வாயில் வேற்றுமொழி கேட்டது. அந்தச் சில வரிகளை உண்டாக்கியவர், தொடரில் கப்பல் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன். பிறகு 1984இல் வந்த மூன்றாவது படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர், டூஹன் போட்ட ஒலிகளை வைத்தே முழு இலக்கணம் கட்டினார். கலிஃபோர்னியப் பழங்குடி மொழியான முட்சுன் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர் அவர். அகராதி 1985இல் வந்தது. மனிதர் வேண்டுமென்றே, பூமியில் அரிதாக உள்ள பழக்கங்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். அவருக்கு அரிது, நமக்கு அன்றாடம். வேடிக்கையே அதில்தான் இருக்கிறது.

படி 1: வாயைப் பழக்குங்கள்

மொத்தம் 26 ஒலிகள்: 21 மெய், 5 உயிர். ஆங்கில எழுத்தில் எழுதும்போது பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு ஒலி என்பதால், அகராதியைத் திறந்ததும் கண் கட்டும். எழுத்தை விடுங்கள், காதால் பிடியுங்கள்.

பெரிய எழுத்து டி, நம் 'பாடம்' என்ற சொல்லில் வரும் ட. அவ்வளவுதான், தாண்டிப் போகலாம். பெரிய எழுத்து எஸ், 'கஷ்டம்' என்று அழுத்திச் சொல்லும்போது வரும் ஷ. ஜி, ஹெச் சேர்ந்து வருவதைப் பார்த்து பலரும் 'க' என்று படித்துவிடுகிறார்கள். அது 'பகல்' என்று சாதாரணமாகப் பேசும்போது நடுவில் உரசிக்கொண்டு போகிறதே, அந்தக் க. பெரிய எழுத்து ஹெச், 'எஃகு' என்பதில் வரும் ஆய்தத்தை இன்னும் கரகரப்பாகச் சொன்னது போல இருக்கும்.

இனிமேல்தான் உண்மையான உழைப்பு. கியூ இரண்டு உண்டு. சிறியது, நம் 'க'வைவிட உள்ளே, உள்நாக்குக்குப் பக்கத்தில் பிறப்பது. பெரியது, அதே இடத்தில் மீன்முள் சிக்கிக்கொண்டது போல. அடுத்தது 'த்ல்': நாக்கு நுனியை மேல்பல் ஈறுக்குப் பின்னால் ஒட்டி வைத்துக்கொண்டு, காற்றை இரண்டு பக்கமும் பிய்த்துக்கொண்டு வெளியே விட வேண்டும். எச்சில் தெறிக்கும். தெறித்தால் சரியாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். கண்ணாடி முன் பழகுங்கள், பிறகு கண்ணாடியைத் துடையுங்கள்.

கடைசியாக, தொண்டையைச் சட்டென்று அடைக்கும் ஒலி. 'ஊ…ஊம்' என்று மறுக்கும்போது நடுவில் மூச்சு ஒரு நொடி நிற்குமே, அதுதான். அதற்கு இங்கே ' என்ற குறி போடுகிறேன். மற்றபடி நான் தமிழில் எழுதிக்காட்டுவதெல்லாம் தோராயம். ஒலி மேலே சொன்னபடி.

படி 2: ஐந்து சொல், உடனே பயன்படுத்த

வணக்கத்துக்குக் கிளிங்கானில் சொல் இல்லை. இருப்பதில் கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்வது 'நூக்நெஹ்'. பொருள்: "என்ன வேணும்?" மளிகைக்கடை அண்ணாச்சி தலைநிமிராமல் கேட்பாரே, அதே தொனியில் சொல்லுங்கள். விடைபெறும்போது 'க்ஹாப்லா'', அதாவது வெற்றி. ஆமாம் என்பதற்கு 'ஹிஜா'', இல்லை என்பதற்கு 'கோபே''. புரியவில்லை என்றால் 'ஜியாஜ்பே''. கடைசிச் சொல்தான் அதிகம் உதவும்.

படி 3: ஒரு வாக்கியம் கட்டுங்கள்

தமிழில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. கிளிங்கானில் எழுவாயைக் கடைசிக்குத் தள்ள வேண்டும்: செயப்படுபொருள், வினை, எழுவாய். ஆங்கிலக்காரர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். நாமோ "இட்லி தின்னுது குழந்தை" என்று தினமும் வீட்டில் பேசுகிறோம். அது அச்சு அசல் கிளிங்கான் வரிசை.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். தமிழில் 'ஐ' உருபு காவல் நிற்பதால் சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் பொருள் கெடாது. கிளிங்கானில் அந்த உருபு கிடையாது. 'பூக் லெக் யாஷ்' என்றால் அதிகாரி குழந்தையைப் பார்க்கிறார். 'யாஷ் லெக் பூக்' என்றால் குழந்தை அதிகாரியைப் பார்க்கிறது. இடம்தான் எல்லாம்.

'நான்', 'நீ' என்பதெல்லாம் வினையின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். நாம் 'தின்கிறேன்' என்று வாலில் வைப்பதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள். 'ஷோப்' என்றால் தின். 'ஜிஷோப்', தின்கிறேன். எதைத் தின்கிறேன் என்றும் சொன்னால் முன்னொட்டு மாறும்: 'காக் விஷோப்', நான் காக் தின்கிறேன். இப்படி 29 முன்னொட்டுகள் இருக்கின்றன. இந்த வாரத்துக்கு ஜி, வி, பி, டா நான்கு போதும். பி என்பதும் டா என்பதும் 'நீ'. பொருளைச் சொல்லாதபோது பி, சொல்லும்போது டா.

இனி எனக்குப் பிடித்த இடம். கேள்வி கேட்க வினையின் கடைசியில் 'ஆ' சேர்த்தால் போதும். 'த்லிங்கன் ஹோல் டாஜாத்ல்'ஆ'?' என்றால் "கிளிங்கான் மொழி பேசுவியா?" தமிழிலும் ஆ, அங்கும் ஆ! அதோடு நிற்கவில்லை. பெயர்ச்சொல்லை அழுத்திக் காட்ட 'ஏ' போல ஒரு ஒட்டு உண்டு, நம் தேற்ற ஏகாரத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. பன்மைக்குத் திணை பார்க்கிறார்கள்: பேசத் தெரிந்தவர்களுக்கு 'பூ'', உடலுறுப்புகளுக்கு 'டூ'', மற்றதற்கெல்லாம் 'மேய்'. யாஷ்பூ' என்றால் அதிகாரிகள். குழந்தைகள் பூக்பூ'. அதையே 'பூக்மேய்' என்றால் குழந்தைகள் வீடெங்கும் இறைந்து கிடக்கிறார்கள் என்று பொருளாகிவிடும். கோடை விடுமுறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் வைத்துத் தமிழிலிருந்து கிளிங்கான் பிறந்தது என்று வாட்ஸாப்பில் அனுப்பத் தொடங்கிவிடாதீர்கள். சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழிகளுக்கிடையே இப்படி முகச்சாயல் தற்செயலாகவும் வரும்.

படி 4: காக்

காக் என்பது புழுக்கள். உயிரோடு, நெளிய நெளியப் பரிமாறினால்தான் மரியாதை. 1989இல் ஒளிபரப்பான ஒரு அத்தியாயத்தில் விண்கப்பல் அதிகாரி ரைக்கர் முன்னால் அந்தக் கிண்ணம் வந்து நிற்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். (காக்கோடு 'ஐ' சேர்த்தால் காக்கை ஆகிவிடுகிறது என்பதால் கட்டுரை முழுக்க உருபு இல்லாமலே எழுதுகிறேன். கிளிங்கான் முறையும் அதுதானே.)

ரசிகர்கள் வீட்டில் செய்வதற்கு இரண்டு வழி உண்டு. ஜெலட்டின் கரைசலை உறிஞ்சுகுழல்களில் ஊற்றி, இரவு முழுக்கக் குளிர வைத்து, வெந்நீரில் ஒரு நொடி காட்டிப் பிதுக்கினால் துள்ளும் புழுக்கள் கிடைக்கும். சைவம் வேண்டுமே என்று நான் அதைக் கடல்பாசியில் செய்து பார்த்தேன். கடல்பாசி இறுகும், ஆனால் இழுபடாது. எல்லாம் குழலுக்குள்ளேயே நறுக்கு நறுக்கென்று ஒடிந்துபோனது. ஆகவே நூடுல்ஸ் வழி.

இரண்டு மூன்று பேருக்கு: ஸ்பகெட்டி 200 கிராம், நடுத்தர பீட்ரூட் ஒன்று, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், காய்ந்த மிளகாய் நான்கு, நெல்லிக்காய் அளவு புளி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய், மிளகுத்தூள், உப்பு.

வெங்காயம், பூண்டு, மிளகாயை எண்ணெயில் வதக்கி, துருவிய பீட்ரூட்டையும் புளிக்கரைசலையும் சேர்த்து வேகவிட்டு, ஆறியதும் மையாக அரையுங்கள். ஸ்பகெட்டியை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வடிக்கும்போது ஒரு கப் தண்ணீரை எடுத்து வையுங்கள். அந்தக் கஞ்சித் தண்ணீர்தான் வழவழப்புக்கு உயிர். அரைத்த விழுதைச் சூடாக்கி, சோயா சாஸ் ஊற்றி, ஸ்பகெட்டியைப் போட்டுப் புரட்டி, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். புளிப்பு இருந்தால் பீட்ரூட்டின் சிவப்பு அவ்வளவு எளிதில் மங்காது. அதனால் சோயா சாஸைத் தவிர்த்தால் தட்டு ரோஸ் நிறத்தில் பிறந்தநாள் விழா போல இருக்கும். பழுப்பும் சிவப்பும் கலந்து, பார்த்ததும் ஒரு நொடி கை பின்வாங்க வேண்டும், அதுதான் பதம். கடைசியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், தாராளமாக மிளகு.

முள்கரண்டி வேண்டாம். கிளிங்கான் விருந்தில் கைதான், இதிலும் நமக்குப் பயிற்சி தேவைப்படாது.

குடிக்க? தொடரில் வரும் கிளிங்கான் அதிகாரி வார்ஃபுக்கு 1990இல் ஒரு அத்தியாயத்தில் ப்ரூன் ஜூஸ் கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு அது வீரனுக்கான பானம் என்பார். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் சாறு அது. கிடைக்காவிட்டால் திக்கான டிகாக்‌ஷனில் ஃபில்டர் காப்பி போடுங்கள், கிளிங்கான்களின் ராக்தஜீனோவும் காப்பிதான்.

படி 5: மேலே போக

கிளிங்கான் மொழிக் கழகம் 1992இலிருந்து இயங்குகிறது. டுவாலிங்கோவில் 2018இல் பாடம் வந்தது. ஹாம்லெட் நாடகம் முழுவதும் இந்த மொழியில் இருக்கிறது, 2010இல் ஹேக் நகரில் ஒரு கிளிங்கான் ஆபெராவே அரங்கேறியது. ஆனால் என் யோசனை, முதலில் ஓக்ராண்டின் அகராதியை வாங்குங்கள். முன்பாதி இலக்கணம், பின்பாதி சொற்கள். பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி மொழியில் விளையாடிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்தில் அதை மடக்கிவிடலாம்.

ஞாயிறு மதியம் ஒரு நண்பரை வரச்சொல்லுங்கள். கதவைத் திறந்து "நூக்நெஹ்!" என்று கேளுங்கள். தட்டை நீட்டி "பிகூங்'ஆ'?" (பசிக்கிறதா?) என்று அடுத்த கேள்வி. "ஹிஜா'" என்றால் பரிமாறுங்கள். "கோபே'" என்று கும்பிட்டுவிட்டால் கவலை வேண்டாம், மிச்சக் காக் மறுநாள் காலையில் வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு வதக்கினால் முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.