பழைய ஸ்டீரியோ ரிசீவரில் ரிலே பிடிக்கவில்லையா? புரொடெக்‌ஷன் சர்க்யூட்டைச் சோதிக்கும் முறை

1970களின் பிற்பகுதியில் வந்த ஜப்பானிய ரிசீவரை ஆன் செய்தால் முதலில் டயல் விளக்கு எரியும். மூன்று முதல் ஆறு விநாடி கழித்து உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்பீக்கர் ரிலே, அதாவது ஆம்ப்ளிஃபையரை ஸ்பீக்கரோடு இணைக்கும் மின்சார சுவிட்ச், பிடிக்கும் சத்தம் அது. அது வராவிட்டால் ஸ்பீக்கரில் பாட்டும் வராது.

இந்த ரிலேயை ஆட்டுவித்து ஸ்பீக்கரைக் காப்பாற்றுவதுதான் புரொடெக்‌ஷன் சர்க்யூட். உடனே அந்த போர்டைக் கழற்ற வேண்டாம். ஆம்ப்ளிஃபையரில் கோளாறு இருப்பதால் சர்க்யூட் சரியாகவே தடுக்கிறதா, இல்லை சர்க்யூட்டே கெட்டுவிட்டதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிலேயை ஒயர் போட்டு ஷார்ட் செய்து பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. அவுட்புட்டில் 40 வோல்ட் டிசி நின்றால் 8 ஓம் ஸ்பீக்கரில் 5 ஆம்பியர், அதாவது 200 வாட் ஓடும். வூஃபர் காயில் சில நொடிகளில் கருகிவிடும்.

தயாரிப்பு

ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தாலும் கரண்ட் அளவு மீறாமல் இருக்க, மெயின் லைனில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பின்பக்க வோல்டேஜ் செலக்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த செட் 100 வோல்ட்டில் ஓடுவது, நேரடியாக நம் 230இல் செருகினால் கதை முடிந்தது. உள்ளே கை வைக்கும் முன் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களை 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வழியாக, ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி, டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க வைப்பது வேண்டாம்.

படி 1: பல்பு என்ன சொல்கிறது

ஆன் செய்ததும் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். ஆஃப் செய்து, அவுட்புட் டிரான்சிஸ்டர்களின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். இரு திசையிலும் பீப் அடித்தால் அது போய்விட்டது. இங்கே புரொடெக்‌ஷன் சர்க்யூட் மேல் பழி போட முடியாது.

படி 2: டிசி ஆஃப்செட் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் நிற்கும் டிசி வோல்டேஜ்)

மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸியில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) வையுங்கள். சிவப்பு முனையை அவுட்புட் டிரான்சிஸ்டர் பக்கத்தில் இருக்கும் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டரின் (0.22 முதல் 0.47 ஓம் வரை இருக்கும்) காலில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, அதன் பிறகே பவர் கொடுங்கள். கையில் பிடித்து அளக்கும்போது முனை வழுக்கினால் நல்ல டிரான்சிஸ்டரும் போகும்.

±50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தச் சேனலின் ஆம்ப்ளிஃபையரில்தான் கோளாறு. இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். பல செட்டுகளில் இரு சேனலின் அவுட்புட்டும் ரெசிஸ்டர்கள் வழியே ஒரே புள்ளியில் சேர்கின்றன. ஒன்று ப்ளஸ், மற்றது மைனஸ் என்றால் அங்கே கழிந்து மறைந்துவிடலாம்.

சீரிஸ் பல்பு இருக்கும்போது சப்ளை வோல்டேஜ் இறங்குவதால் நல்ல ரிலேயும் பிடிக்காமல் போகலாம். பல்பு மங்கி, ஆஃப்செட்டும் சரியென்றால் பல்பை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

படி 3: ரிலே காயில்

பெரும்பாலும் 24 வோல்ட் ரிலே. ஆன் செய்து பத்து விநாடி கழித்துக் காயிலின் இரு முனைகளுக்கும் நடுவே அளக்கவும். 24 வோல்ட் இருந்தும் பிடிக்கவில்லையா? ரிலே மாற்ற வேண்டியதுதான். வோல்டேஜே இல்லையா? காயிலின் ஒவ்வொரு முனையையும் சேஸிக்கு அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே சப்ளை வோல்டேஜ் என்றால் ரிலேயை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் கடத்தவில்லை. அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.6 வோல்ட் இருந்தும் கடத்தாவிட்டால் டிரான்சிஸ்டர் ஓபன். 0.6 இல்லை என்றால் கோளாறு அதற்கும் முன்னால்.

படி 4: எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள்

நாற்பது ஐம்பது வருஷப் பழைய போர்டில் அதிகம் மாட்டுவது இவைதான். எது கெட்டது என்பதைச் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

ரிலே பிடிப்பதைச் சில விநாடி தாமதிக்கும் டிலே கெபாசிட்டர் லீக் ஆனால் வேண்டிய வோல்டேஜுக்கு ஏறவே ஏறாது, ரிலே பிடிக்காது. அதுவே காய்ந்துபோனால் ஆன் செய்ததும் ரிலே பிடித்து, ஸ்பீக்கரில் ‘தொப்’ என்று அடிக்கும்.

டிசி கண்டறியும் பகுதியின் கெபாசிட்டர் காய்ந்தால் பாட்டின் பேஸ் ஒலியையே டிசி என்று எண்ணிவிடும்; வால்யூம் கூட்டி டிரம் விழும்போது ரிலே விட்டுவிடும். இங்கே நான்-போலார் (ப்ளஸ், மைனஸ் என்று பக்கம் இல்லாத) வகை இருந்தால் அதே வகையைத்தான் போட வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மரின் ஏசியைக் கவனிக்கும் சின்ன கெபாசிட்டர் போனால் ரிலே ‘டகடக’ என்று துடிக்கும்.

மைக்ரோஃபாரட் மதிப்பு மாறக்கூடாது. வோல்டேஜ் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம். 105 டிகிரி வகை வாங்குங்கள். பாகங்களைச் சுற்றிப் பழுப்பு நிறப் பழைய பசை இருந்தால் சுரண்டி எடுங்கள். அது வயதாகும்போது கரண்ட் கடத்தத் தொடங்கும், டையோடு கால்களையும் அரித்துவிடும்.

ஐசி இருந்தால்

யுபிசி1237 என்ற எட்டுக் கால் ஐசி பல செட்டுகளில் உண்டு. 8ஆம் காலில் சுமார் 3.4 வோல்ட் வர வேண்டும். இல்லாவிட்டால் அதற்குச் சப்ளை தரும் ரெசிஸ்டரைப் பாருங்கள். டிசி கண்டறியும் 2ஆம் கால் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 7ஆம் கால் டிலேக்கு, 6ஆம் கால் ரிலேவுக்கு. எல்லாம் சரியாக இருந்தும் 6ஆம் கால் கீழே இறங்காவிட்டால்தான் ஐசியைச் சந்தேகிக்கலாம்.

முடித்த பின் ஒரு சோதனை

ஆஃப் செய்து, டிசி கண்டறியும் ரெசிஸ்டரில் ஆம்ப்ளிஃபையர் பக்கக் காலை மட்டும் தூக்குங்கள். ஆன் செய்து ரிலே பிடித்ததும், அந்தக் காலில் 9 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸையும் சேஸியில் மைனஸையும் தொடவும். ரிலே சட்டென்று விட வேண்டும். சில செட்டுகள் ஆஃப் செய்து போடும் வரை அப்படியே நிற்கும், அது கோளாறில்லை. பேட்டரியைத் திருப்பி வைத்தும் பாருங்கள். தனி டிரான்சிஸ்டர்களால் ஆன சர்க்யூட் ஒரு திசைக்கு மட்டும் விட்டால், மறு திசையைக் கவனிக்கும் டிரான்சிஸ்டரை மாற்றிய பிறகே ஸ்பீக்கரை இணையுங்கள்.