பழைய சாமான்களில் கியர் இல்லாத சைக்கிள் கட்டுவோம்

ரங்கூனில் ஜப்பான் பழைய சைக்கிள்களைக் குவித்து விற்கும் ஒரு கடை. கூடை வைத்த வீட்டு சைக்கிள்களுக்கு அடியில் இந்த ஃபிரேம் கிடந்தது. சக்கரம், பெடல், சீட்டு எதுவும் இல்லை. முன்சக்கரம் மாட்டும் ஃபோர்க்கும், அது திரும்பும் குண்டுக் கப்புகளும் மட்டும் அப்படியே இருந்தன. கடைக்காரர் பழைய இரும்புக்குப் போடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தார். கையில் தூக்கிப் பார்த்தேன், விடவே மனமில்லை. பஸ்ஸில் தன்லினுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்னும் சிரியம்தான். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்தேன். இப்போது தினமும் அதில்தான் போய் வருகிறேன்.

பஞ்சர் ஒட்டுவது, டயர் மாட்டுவது, பிரேக் கம்பி இழுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஃபிரேம் வாங்கும்போது

பின்சக்கர அச்சு உட்காரும் காடியைத்தான் முதலில் பாருங்கள். அது கிடையாக, முன்பக்கமோ பின்பக்கமோ திறந்திருக்க வேண்டும். கியர் இல்லாத சைக்கிளில் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயினை இழுத்துக் கட்டுகிறோம். காடி நெட்டாகக் கீழே திறந்திருந்தால் அந்த வழி இல்லை. பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை. பற்றவைத்த இடங்களில் விரிசலும், குழாயில் நெளிவும் இருந்தால் வேண்டாம்.

பின்காடிகளுக்கு இடையே உள்ள அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய ரேஸ் சைக்கிள்களில் 120 அல்லது 126 மில்லிமீட்டர் இருக்கும், பிறகு வந்தவற்றில் 130. என்னுடையது 126. சக்கரம் தேடப் போகும்போது இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஃபோர்க்கோடு வந்த கப்புகளைக் கழற்றாதீர்கள். பழைய ஜப்பான் ஃபிரேம்களில் ஃபோர்க்கின் அடியில் உட்காரும் வளையத்துக்கு 27.0 மில்லிமீட்டர் அளவு உண்டு. வேறு ஊர் ஃபிரேம்களில் 26.4. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கழற்றித் தொலைத்துவிட்டால் சரியான வளையம் தேடி அலைய வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டு, கிரீஸ் வைத்தால் போதும்.

கிராங்க் அச்சு

பெடல் மாட்டும் கிராங்குகள் இந்த அச்சின் இரண்டு முனையிலும் பூட்டியிருக்கும். அச்சு ஃபிரேமில் பக்கத்துக்கு ஒரு கப்பில் சுற்றும். வலப்பக்கக் கப்புக்கு இடமரை. இதை ஒரு தாளில் எழுதி ஃபிரேமில் ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வலப்பக்கக் கப்பைக் கடிகார முள் போகும் பக்கம் சுற்றினால் கழலும், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகும். இடப்பக்கக் கப்பு வழக்கம்போல. பெடலில் நேர்மாறாக, இடது பெடலுக்குத்தான் இடமரை. மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று வராமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

துருப்பிடித்த கப்பாக இருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். இந்த வேலைக்கு ஸ்க்ரூ ஸ்பானர் வேண்டவே வேண்டாம். வழுக்கி, கப்பின் விளிம்பைத் தேய்த்துவிடும். அளவான ஸ்பானர் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். கிராங்கைக் கழற்ற கிராங்க் புல்லர் கட்டாயம் தேவை. சுத்தியல் வைத்து அடித்துக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அச்சின் முனையும் குண்டு ஓடும் பாதையும் கெட்டுப்போகும்.

உள்ளே பக்கத்துக்கு 11 குண்டு, கால் அங்குல அளவு. கிரீஸைத் தாராளமாக வையுங்கள். அச்சு தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் கையால் ஆட்டினால் ஆடக்கூடாது.

எத்தனை பல்?

முன்னால் கிராங்கில் இருக்கும் செயின்வீல் 44 பல், பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் 18 பல். மிதி ஒரு சுற்று வந்தால் சக்கரம் 2.44 சுற்று சுற்றும். 700சி அளவுச் சக்கரத்தில் அது ஏறக்குறைய ஐந்தேகால் மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். சமதளத்துக்கு 16 பல் இன்னும் வேகமாக இருக்கும்தான். ஆனால் மே முதல் அக்டோபர் வரை மழையிலும் எதிர்காற்றிலும் முதுகில் பையோடு மிதிக்கிறவனுக்கு 18தான் சரி என்பது என் கட்சி.

செயின் ஒரே கோட்டில் ஓட வேண்டும்

இந்த இடத்தில்தான் நான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன், அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

எல்லாவற்றையும் பூட்டி முதல் நாள் ஓட்டினேன். சமதளத்தில் ஒன்றும் இல்லை. சைக்காவ் பகோடா மேட்டில் எழுந்து நின்று மிதித்ததும் செயின் கழன்றது. மாட்டினேன், மறுபடி கழன்றது. செயின் தளர்ந்திருக்கிறது என்று நினைத்து இழுத்துக் கட்டினேன்; சக்கரம் கரகரவென்று சுற்றியது, செயின் அப்போதும் கழன்றது. புதுச் செயின் வாங்கினேன். அதுவும் கழன்றது.

எங்கள் தெரு முனையில் சைக்கா வண்டிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பக்கவாட்டில் ஆள் உட்கார்ந்து போகும் அந்த வண்டிகளில் செயின் படும் பாட்டை அவரைப்போல் அறிந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவர் செயினைத் தொடவே இல்லை. பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "தம்பி, முன்னாடி செயின்வீல் பல்லும் பின்னாடி ஃப்ரீவீல் பல்லும் வேற வேற ரோட்டுல ஓடுதே" என்றார்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். நீங்களும் செயின் வாங்கும் முன்னே இப்படி அளந்துகொள்ளுங்கள்.

முன்னால்: சீட்டுக் குழாயின் வலப்பக்க விளிம்பிலிருந்து செயின்வீல் பல்லின் நடு வரை அளக்க வேண்டும். எனக்கு 32 மில்லிமீட்டர். குழாயின் விட்டத்தில் பாதியை அதோடு கூட்ட வேண்டும். என் குழாய் 28.6, பாதி 14. மொத்தம் 46.

பின்னால்: அச்சின் இரண்டு பக்கத்து லாக் நட்டுகளுக்கும் வெளிமுகத்திலிருந்து வெளிமுகம் 126, பாதி 63. வலப்பக்க லாக் நட்டின் வெளிமுகத்திலிருந்து ஃப்ரீவீல் பல்லின் நடு வரை 26. கழித்தால் 37.

ஆக 46க்கும் 37க்கும் இடையே 9 மில்லிமீட்டர் வித்தியாசம். ஐந்தாறு பல்சக்கரங்கள் அடுக்குவதற்காகச் செய்த ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், ஒன்றை மட்டும் மாட்டினால் அது உள்ளே தள்ளித்தான் உட்காரும். இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு பக்கமும் கை வைத்தேன். கிராங்கில் செயின்வீலைக் கழற்றி, வெளிப்பக்கம் இருந்ததை உள்பக்க இடத்தில் பூட்டினேன். அதில் 5 மில்லிமீட்டர் குறைந்து 41 ஆயிற்று. ஒற்றைச் செயின்வீல் என்பதால் பழைய போல்ட்டு நீளமாகப் போய் இறுகாது. குட்டைப் போல்ட்டு வேண்டும், அல்லது வாஷர் போட வேண்டும்.

பிறகு பின் ஹப். வலப்பக்கம் இருந்த 4 மில்லிமீட்டர் வளையத்தைக் கழற்றி இடப்பக்கம் போட்டேன். அகலம் அதே 126தான், ஆனால் ஹப் 4 மில்லிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்தது. 37 இப்போது 41. முன்னும் பின்னும் ஒரே எண்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஹப்போடு ரிம்மும் வலப்பக்கம் போயிருக்கும். வலப்பக்க ஸ்போக்குகளின் நிப்பிள்களை அரைச் சுற்று தளர்த்தி, இடப்பக்கம் அரைச் சுற்று முடுக்கி, ரிம் நடுவுக்கு வரும் வரை சுற்றிச் சுற்றி வாருங்கள். அவசரப்பட்டால் கோட்டம் விழும். நடுவுக்கு வந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. சக்கரத்தைத் திருப்பி, வலது இடதாக மாட்டுங்கள். ரிம்முக்கும் ஃபிரேமுக்கும் உள்ள இடைவெளி இரண்டு விதத்திலும் ஒன்றாக இருந்தால் சரி.

மறுநாள் அதே மேட்டில் ஏறினேன். ஏறுகிற வரை செயின் சத்தமே இல்லை.

செயின் கட்டுதல்

தடித்த செயின், அதாவது 1/8 அங்குலம் வாங்குங்கள். கியர் சைக்கிளின் மெல்லிய செயின் 3/32. தடித்த பல் வைத்த ஃப்ரீவீலில் அது உட்காராது. தடித்த செயின் இரண்டிலும் ஓடும். ஃப்ரீவீலைப் பூட்டும் முன் மரையில் நிறைய கிரீஸ் தடவுங்கள். மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே போகும். கிரீஸ் இல்லாவிட்டால் பிறகு கழற்றுவது பெரிய பாடு.

இணைப்புக் கண்ணியின் கிளிப்பில், மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். செயினின் நடுவே விரலால் மேலும் கீழும் அசைத்தால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அசையலாம். கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய செயின்வீல்கள் முழு வட்டமாக இருப்பதில்லை.

பின்சக்கரத்துக்கு நட்டுப் போட்ட அச்சுதான் என் தேர்வு. நெம்புகோல் வைத்த அச்சு, அழுத்தி மிதிக்கும்போது கிடைக்காடியில் வழுக்கிச் சக்கரம் சாயும். பிரேக் இரண்டு சக்கரத்துக்கும் வையுங்கள்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்த மோல்மீன் நண்பர் ஒருவர், தன்னிடம் நெட்டுக்காடி ஃபிரேம் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே. பழைய கியர் சைக்கிளின் பின் டீரெய்லர் (கியர் மாற்றும் கருவி) ஒன்றைப் பூட்டி, அதன் திருகுகளால் ஃப்ரீவீலுக்கு நேராக நிறுத்திவிட்டால், அதன் ஸ்பிரிங் செயினை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பார்க்கக் கொஞ்சம் அழகு குறையும், ஆனால் நன்றாக ஓடும்.

இன்னொருவர் 27 அங்குல டயர் வாங்கி, ரிம்மில் ஏறவே இல்லை என்றார். ஜப்பான் வீட்டு சைக்கிளின் 27 x 1 3/8 வேறு, பழைய ரேஸ் சைக்கிளின் 27 x 1 1/4 வேறு. டயரின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு அளவு இருக்கும்: முதலாவதில் 609, இரண்டாவதில் 630. 700சி என்றால் 622. ரிம்மின் எண்ணும் டயரின் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.