பட்டன் போனில் கேம், தீம் ஏற்றும்போது செய்யும் தவறுகள்

போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து என் பழைய நோக்கியா 2700 கிளாசிக் கிடைத்தது. பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டதும் உயிர் வந்துவிட்டது. அண்ணன் மகனுக்குப் பதினான்கு வயது. அன்று மாலையே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பதினோரு கேம்களை இறக்கி, மெமரி கார்டில் போட்டுச் செருகினான். ஒழுங்காக ஓடியவை இரண்டுதான். “சித்தப்பா, செட்டு ரிப்பேர்” என்று கொண்டுவந்து நீட்டினான்.

செட்டில் ஒரு கோளாறும் இல்லை. நான்கு கேம்கள் வேறு வகை போனுக்கானவை. மூன்று, திரை அளவு பொருந்தாதவை. ஒன்று தொடுதிரைக்கானது. மிச்சமிருந்த ஒன்று பாதியில் அறுந்துபோன டவுன்லோடு. பதினைந்து வருடத்துக்கு முன் நாங்கள் செய்த அதே தவறுகளை அவன் ஒரே மாலையில் செய்து முடித்திருந்தான்.

“நோக்கியாதானே, எல்லாம் ஒன்றுதானே”

தொண்ணூறு சதவீதக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். போன் கம்பெனி ஒன்றாக இருக்கலாம். உள்ளே ஓடுவது ஒன்றல்ல.

3310, 1100 போன்ற செட்டுகளில் கேம் ஏற்றவே முடியாது. 1100, 2003-ல் வந்து 25 கோடிக்கு மேல் விற்ற போன். ஆனால் அதில், இந்தக் கேம்கள் ஓடத் தேவையான ஜாவா கிடையாது. கூடவே வந்த பாம்பு கேமோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த படி எஸ்40 என்ற நோக்கியா மென்பொருள் வகை: 3110 கிளாசிக், 5130, 2700 எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கு ஜார் என்று முடியும் ஜாவா ஃபைலும், தீமுக்கு என்டிஎச் ஃபைலும் வேண்டும். 6600, என்70, என்73 போன்றவை சிம்பியன் என்ற இயங்குதளத்தில் ஓடும் எஸ்60 வகை. இவை ஜாவாவையும் ஏற்கும், சிஸ் என்று முடியும் தங்களுக்கே உரிய ஃபைலையும் ஏற்கும். அண்ணன் மகன் சிஸ் ஃபைலைக் கொண்டுபோய் 2700-ல் போட்டால் அது என்ன செய்யும்? “இந்த ஃபைல் வகை தெரியாது” என்று கைவிரிக்கும்.

இப்போது கடையில் விற்கும் புது பட்டன் போன்களை வாங்கிவிட்டுப் பழைய கேம் தேடுகிறவர்களும் உண்டு. நோக்கியா 105-ல் ஜாவா இல்லை. 2014-ல் வந்த 220, 225 செட்டுகளிலும் இல்லை. 2017-ல் வந்த ஜியோபோனில் ஓடுவது காய்ஓஎஸ் என்ற வேறு இயங்குதளம். அதன் செயலிகளே வேறு ஜாதி. அதில் ஜார் ஃபைலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது வீண். ஆகவே கேம் தேடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பாருங்கள். பழைய நோக்கியா என்றால் *#0000# அடித்தாலும் வரும். அந்த மாடலுக்கு ஜாவா உண்டா, எந்த வகை, திரை எத்தனை புள்ளி என்று மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அப்புறம் உட்காருங்கள். (அந்த ஸ்டிக்கரைப் பார்க்கும்போது ஸ்ரீபெரும்புதூர் ஞாபகம் வராமல் இருக்காது. 2006-ல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டது. எங்கள் தெருவிலேயே அதில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர்.)

திரை அளவைப் பார்க்காமல் இறக்குவது

ஒரே கேமை ஐந்தாறு அளவுகளில் வெளியிட்ட காலம் அது. 2610-க்கு 128க்கு 128. 3110 கிளாசிக்குக்கு 128க்கு 160. 6600-க்கும் என்70-க்கும் 176க்கு 208. 5130, 2700, என்73 எல்லாவற்றுக்கும் 240க்கு 320. சின்னத் திரைக்கான கேமைப் பெரிய திரையில் போட்டால் மூலையில் தபால்தலை அளவுக்கு ஓடும். சுற்றிலும் வெள்ளையாக இருக்கும். கண் வலித்தாலும் ஆடிவிடலாம். பெரியதைச் சின்னதில் போட்டால்தான் தொல்லை. “ஸ்டார்ட்” என்ற எழுத்தே திரைக்கு வெளியே போய்விடும்.

இதில் பலரும் வழுக்கி விழுவது நோக்கியா சி3 மாதிரி, கம்ப்யூட்டர் போல முழுக் கீபோர்டு உள்ள குவெர்ட்டி செட்டுகளில். அதுவும் அதே புள்ளிக் கணக்குதான், ஆனால் படுத்த வாக்கில்: 320க்கு 240. எண்ணைத் திருப்பிப் படித்துவிட்டு 240க்கு 320 கேமைப் போட்டால் கீழ்ப் பகுதி காணாமல் போகும். அகலம் முதலில், உயரம் அடுத்து என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு சரியாக இருந்தும் கேம் படுத்துகிறது என்றால், வேறு கம்பெனி போனுக்குச் செய்த பதிப்பாக இருக்கும். திரைக்குக் கீழே இடமும் வலமும் இருக்கும் இரண்டு சாஃப்ட் கீகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எண் வைத்திருந்தது. நோக்கியாவில் மைனஸ் 6, மைனஸ் 7. மோட்டரோலாவில் மைனஸ் 21, மைனஸ் 22. சீமென்ஸில் மைனஸ் 1, மைனஸ் 4. மோட்டரோலா பதிப்பை நோக்கியாவில் திறந்தால் கேம் அழகாகத் தொடங்கும், இசை வரும், “ஓகே அழுத்தவும்” என்று நிற்கும். நீங்கள் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான், அது கேட்காது. பட்டன் தேய்ந்துபோய்விட்டது என்று நினைத்துக் கீபேடை மாற்றப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜார் ஃபைலைப் பிரித்து வைப்பது

ஜார் என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப் ஃபைல்தான். அதனால் கம்ப்யூட்டரில் ஜிப் ஃபைலைப் பிரிக்கும் வின்ரார் இருந்தால், கேமுக்குப் புத்தகக் கட்டுப் படம் போட்ட ஐகான் வந்துவிடும். பார்த்ததும் கை சும்மா இருக்காது. வலது கிளிக் செய்து பிரித்துவிடுவோம். பிரித்த ஃபோல்டரை மெமரி கார்டில் போட்டால் போனுக்கு அது வெறும் படங்களும் புரியாத ஃபைல்களும்தான். ஜாரை ஜாராகவே விடுங்கள்.

இதற்கு எதிர்த் தவறும் உண்டு. சில பிரவுசர்கள் இறக்கும்போதே ஜாரின் பெயரை ஜிப் என்று மாற்றிவிடும். அப்போது பெயரின் கடைசியை ஜார் என்று திருத்தினால் போதும். ஆனால் விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடுவதால், நீங்கள் திருத்தியதாக நினைப்பது உண்மையில் “கேம்.ஜார்.ஜிப்” என்று ஆகியிருக்கும். ஃபோல்டர் அமைப்பில் போய் அந்த மறைப்பை எடுத்துவிட்டுத் திருத்துங்கள்.

கூடவே வரும் ஜாட் ஃபைல் பெரும்பாலும் தேவைப்படாது. அதில் ஜாரின் அளவு பைட் கணக்கில் எழுதியிருக்கும். உங்களிடம் இருக்கும் ஜார் அதிலிருந்து துளி மாறியிருந்தாலும் போன் மறுத்துவிடும். ஜாட் வழியாகப் போட்டு மறுத்தால், ஜாரை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். அளவு என்றதும் இன்னொன்று: 6610 போன்ற ஆரம்ப கால எஸ்40 செட்டுகளில் ஒரு கேம் 64 கேபிக்கு மேல் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம்கூட இன்று அதைவிடப் பெரிது!

மெமரி கார்டிலும் இதே கதைதான். வீட்டில் கிடக்கும் 32 ஜிபி கார்டைச் செருகிவிட்டு “கார்டு எடுக்கவில்லை” என்பார்கள். எஸ்டிஎச்சி என்ற பெரிய கொள்ளளவு கார்டு வகை வருவதற்கு முந்தைய செட்டுகளுக்கு 2 ஜிபி வரைதான் தெரியும்.

தீம் என்ற பெயரில் வருவதையெல்லாம் நம்புவது

தீமில் பெரும்பாலான தொல்லை சின்னத் தொல்லைதான். அசையும் வால்பேப்பர் வைத்த தீம் பேட்டரியைக் குடிக்கும், மெனு திறக்கவே இரண்டு விநாடி யோசிக்கும். எழுத்து நிறத்தைக் கவனிக்காமல் செய்த தீம் அதைவிட மோசம். நான் ஒருமுறை போட்ட தீமில் தேர்ந்தெடுத்த வரி வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக வந்து தொலைந்தது. அமைப்புகளுக்குப் போகும் வழியே கண்ணுக்குத் தெரியவில்லை. நண்பனின் அதே மாடல் செட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே எத்தனை அழுத்து, வலப்பக்கம் எத்தனை அழுத்து என்று எண்ணி எண்ணித்தான் பழைய தீமுக்குத் திரும்பினேன்.

இந்த மாதிரி நேரத்தில் யாரோ சொன்ன கோட் நம்பரை அடிக்காதீர்கள். *#7780# அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். *#7370# சிம்பியன் செட்டில் காண்டாக்ட், மெசேஜ் எல்லாவற்றையும் துடைத்துவிடும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டையும் மாற்றி அடித்து, கல்யாணப் பத்திரிகை கொடுக்க வைத்திருந்த நம்பர்களை இழந்தவர் என் உறவிலேயே இருக்கிறார்.

பெரிய தொல்லை 2004-ல் வந்த ஸ்கல்ஸ் என்ற தீய மென்பொருள். சிம்பியன் போனுக்கான தீம் மேனேஜர் என்று சொல்லிக்கொண்டுதான் அது பரவியது. போட்டதும் ஐகான்கள் எல்லாம் மண்டையோடாக மாறும். கால் பேசுவதைத் தவிர மற்றதெல்லாம் முடங்கும். அதே வருடம் வந்த கபீர் என்ற இன்னொன்று புளூடூத் வழியாகப் போனுக்குப் போன் தாவியது. பக்கத்தில் யாருடைய போனிலாவது அது இருந்தால், உங்கள் திரையில் “மெசேஜ் வந்திருக்கிறது, ஏற்கவா?” என்று கேட்கும். வேண்டாம் என்றால் மறுபடி கேட்கும். மறுபடியும் கேட்கும். எரிச்சலில் ஒருமுறை “ஆம்” அழுத்தினால் கதை முடிந்தது. அதற்கு மருந்து, பத்து மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நின்று புளூடூத்தை அணைப்பதுதான். அந்தப் பழைய சிஸ் ஃபைல்கள் இன்றும் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. கேம் தொகுப்புகளுக்குள்ளும் கலந்திருக்கலாம்.

ஜாவாவில் வந்தது 2006-ன் ரெட்பிரவுசர். இணைய இணைப்பே இல்லாமல் வாப் தளம் (அன்றைய போன்களுக்கான எளிய இணையதளம்) பார்க்கலாம் என்று ஆசை காட்டி, அதிகக் கட்டண எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் காசைக் கறந்தது. அதன் குறி ரஷ்யாவில் இருந்தவர்கள். ஆனால் வித்தை எல்லா ஊருக்கும் பொது. கேம் நடுவில் “மெசேஜ் அனுப்ப அனுமதிக்கவா?” என்று போன் கேட்டால், என்ன ஏது என்று பார்க்காமல் ஓகே அழுத்துவதுதான் அன்றைக்குப் பலருடைய பேலன்ஸைக் காலி செய்தது. மூன்றாவது கட்டத்தைத் திறக்க, முழுப் பதிப்பு வாங்க என்று விதவிதமாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்காமலே ஏதோ சேவை ஒட்டிக்கொண்டு காசு போனால் 155223 என்ற எண்ணில் நிறுத்தலாம்.

சிம்பியனில் “சர்டிஃபிகேட் காலாவதி”

என்73 மாதிரி எஸ்60 மூன்றாம் பதிப்பு செட்டுகளில் சிஸ் ஃபைல் போட்டதும் இந்த வாசகம் வந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடாதீர்கள். செயலிக்குப் போட்ட கையெழுத்தின் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். போனின் தேதியை அந்தச் செயலி வந்த வருடத்துக்கு மாற்றிவிட்டுப் போடுங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். மென்பொருள் நிறுவல் அமைப்பில் ஆன்லைன் சரிபார்ப்பையும் அணைத்துவிடுங்கள். ஏற்றிய பின் தேதியை மீண்டும் இன்றைக்குக் கொண்டுவர மறந்தால், வரும் மெசேஜ் எல்லாம் 2008-ல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேதியை என்ன மாற்றினாலும் ஏறாதது ஒன்று உண்டு: 6600 காலத்து இரண்டாம் பதிப்பு சிஸ் ஃபைல். மூன்றாம் பதிப்பில் உள்கட்டமைப்பையே மாற்றிவிட்டார்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வாட்ஸ்அப் தேடுவது, ஜியோ சிம் போடுவது

எஸ்40 போன்களுக்கான வாட்ஸ்அப் 2018 டிசம்பர் 31-ஓடு நின்றுவிட்டது. இன்று எங்காவது “புது வாட்ஸ்அப் ஜார்” என்று கிடைத்தால் அது வேலை செய்யாது என்பதோடு, உங்கள் நம்பரையும் கேட்கும். ஜியோ சிம்மும் இந்தச் செட்டுகளில் எடுக்காது; ஜியோவுக்கு 2ஜி கிடையாது. சிம்மைப் போட்டுவிட்டு டவர் இல்லை என்று செட்டைக் குறை சொல்லாதீர்கள். போனிலேயே பிரவுசர் திறந்து கேம் இறக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். இன்றைய தளங்களின் பாதுகாப்பு முறை அந்தப் பிரவுசர்களுக்குப் புரியாது. கம்ப்யூட்டரில் இறக்கி, கார்டு ரீடரிலோ புளூடூத்திலோ மாற்றுங்கள்.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிவதைப் பார்த்து ஃபான்ட் தேடி அலைந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். எந்த ஃபான்டும் தேவைப்படவில்லை. ஓபரா மினி என்ற பிரவுசரின் முகவரிப் பட்டையில் ஒரு கட்டளை அடித்தால் மறைந்திருக்கும் அமைப்புப் பக்கம் திறக்கும். சிக்கலான எழுத்துகளுக்குப் படமாக எழுத்து வேண்டுமா என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். ஆம் என்று வைத்ததும் சர்வரே தமிழைப் படமாக்கி அனுப்பிவிடும். பஸ்ஸில் உட்கார்ந்து தமிழ் வலைப்பதிவு படித்த தலைமுறைக்கு அந்த ஒரு வரி மந்திரம் மாதிரி மனப்பாடம்.

போன் எழுந்திருக்கவே மாட்டேன் என்றால், ஆண்ட்ராய்டில் ஜே2எம்இ லோடர் என்று ஒரு செயலி இருக்கிறது. ஜார் கேமை அதில் ஓட்டலாம். அங்கேயும் திரை அளவை நீங்கள்தான் 240க்கு 320 என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அண்ணன் மகனிடம் அதைக் காட்டினேன். இரண்டு நாள் ஆடினான். திரையில் வரும் பொய்ப் பட்டனில் கை நிற்கவில்லை என்று சொல்லிவிட்டு 2700-ஐயே எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேட்டரிக்கு நான் கொடுத்த காசு இன்னும் வரவில்லை.