சந்தை வரலாற்றைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'சந்தை எவ்வளவு விழுந்தாலும் மீண்டும் எழுந்துவிடும். வரலாறே அதற்குச் சாட்சி' என்று முதலீட்டாளர்கள் பலர் உறுதியாக நம்புகிறார்கள். எழுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பார்க்காமல் விடுவதே முதல் தவறு. ஜப்பான் பங்குச்சந்தையின் போக்கைக் காட்டும் நிக்கி குறியீட்டெண் 1989 டிசம்பர் இறுதியில் 38,915 புள்ளிகளில் நின்றது. அந்த உச்சத்தை அது மறுபடியும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். உச்சத்தில் மொத்தச் சேமிப்பையும் போட்ட 40 வயதுக்காரருக்கு அப்போது 74 வயதாகியிருக்கும். இடையில் நிறுவனங்கள் லாபத்திலிருந்து தரும் ஈவுத்தொகை வந்திருக்கும் என்பதும், மாதந்தோறும் சிறுகச் சிறுக முதலீடு செய்தவரின் கணக்கு வேறு என்பதும் உண்மையே. ஆனால், பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கிய பணத்தால் அத்தனை காலம் காத்திருக்க முடியாது. நான்கைந்து ஆண்டுகளில் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் வைக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்த தவறு, ஒரு வீழ்ச்சியைத் தனிமனிதர் ஒருவரின் கதையாகச் சுருக்கிவிடுவது. 1992இல் இந்தியப் பங்குச்சந்தை கண்ட வீழ்ச்சி என்றதும் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் பெயர் நினைவுக்கு வருகிறதே தவிர, விலைகளை ஏற்றிய பணம் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களைத் தமக்குள் வாங்கி விற்கும்போது, பத்திரத்துக்குப் பதிலாக 'வங்கி ரசீது' என்ற காகிதத்தை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் அன்று இருந்தது. கையில் பத்திரமே இல்லாமல் சில சிறிய வங்கிகள் எழுதிக்கொடுத்த ரசீதுகளை நம்பி மற்ற வங்கிகள் வழங்கிய பணம், அந்தத் தரகர் வழியாகப் பங்குச்சந்தைக்குள் பாய்ந்தது. சுமார் 200 ரூபாயாக இருந்த ஏ.சி.சி. சிமென்ட் பங்கின் விலை 9,000 ரூபாய் வரை போனது. அதே அளவிலான ஆலைகளை இன்று புதிதாகக் கட்ட என்ன செலவாகுமோ அதுவே நிறுவனத்தின் மதிப்பு என்று அதற்கொரு விளக்கமும் சொல்லப்பட்டது. அந்த ஆலைகள் எவ்வளவு லாபம் ஈட்டுகின்றன என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. ஏப்ரலில் முறைகேடு அம்பலமாகி அந்தப் பணவரத்து நின்றதும், 4,467 வரை ஏறியிருந்த, மும்பை பங்குச்சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் ஏறத்தாழ ஓராண்டில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஏமாற்றியவர் யார் என்பதைவிட, விலையை ஏற்றியது மக்களின் சேமிப்பா, கடனாக வந்த பணமா என்று பார்ப்பதே முதலீட்டாளருக்குப் பயன்படும்.

கூட்டம் கூடுவதைத் தரத்துக்குச் சான்றாகக் கொள்வதும் தவறு. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் வெளியிட்ட பங்குகளுக்கு விண்ணப்பங்கள் பன்மடங்கு குவிந்தன. சிறு முதலீட்டாளருக்கு 430 ரூபாய்க்குக் கிடைத்த அந்தப் பங்கு, சந்தையில் பட்டியலிடப்பட்டு வர்த்தகம் தொடங்கிய முதல் நாளிலேயே 372 ரூபாய் அளவில் முடிந்தது.

கடைசியாக நடந்த சரிவைப் போலவே அடுத்ததும் நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் இழப்பில்தான் கொண்டுபோய் விடும். 2008இல் தொடங்கிய சென்செக்ஸ் சரிவு ஓராண்டுக்கு மேல் நீடித்தது. பழைய உச்சத்தை எட்ட 2010 நவம்பர் வரை ஆனது. கொரோனா அச்சத்தில் 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் சுமார் 13 விழுக்காடு விழுந்த சென்செக்ஸோ, அவ்வாண்டு நவம்பரிலேயே புதிய உச்சத்தைத் தொட்டுவிட்டது. 2008ஐ மனத்தில் வைத்து, இன்னும் விழட்டும் என்று மாதாந்திர முதலீட்டை நிறுத்தி வைத்தவர்கள், பங்குகள் மலிவாகக் கிடைத்த அந்தச் சில மாதங்களையே இழந்தார்கள்.